மருந்துப் பாலில் உறைந்த தயிர்

அண்ணி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் தயிர் உறைவதில்லை என்று அம்மா சொல்ல ஆரம்பித்தது வைகாசி மாதத்தில். அது முழு உண்மையல்ல. அண்ணி தை மாதம் கல்யாணமாகி வந்தாள். மாசி, பங்குனி, சித்திரை முழுக்கத் தயிர் ஒழுங்காக உறைந்தது. தினமும் அதைத்தான் சாதத்தில் பிசைந்து வேலைக்கு எடுத்துப் போனேன். வைகாசியில்தான் நின்றது. ஆனால் குற்றம் சாட்டுகிறவர்கள் மாதக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அப்பா இல்லை. பின்னால் சிறிது நிலம், கொட்டகையில் ஒரு கறுப்பு மாடு, ஒரு சிவப்பு மாடு. அண்ணன் மாடுகளைப் பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். பௌர்ணமி தோறும் பாதை ஓரம் மேசை போட்டு, நடந்து வருகிறவர்களுக்கு மோர் விற்போம். அந்த மோர் எங்கள் அம்மாவுக்குப் பெருமை. அது வீட்டுத் தயிரில் கடைந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நான் டவுனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நுண்ணுயிரியல் படித்தவள். நோயாளிகளின் சிறுநீர், சீழ், சளி எல்லாம் என் மேசைக்கு வரும். அதிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தட்டு என்றால் உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட வட்டக் கிண்ணம். அதில் கிருமிக்கு வேண்டிய சத்துக் கூழ் கெட்டியாக உறைந்திருக்கும். அதன்மேல் கிருமியை மெல்லப் பூசி, மருந்தில் தோய்த்த சின்னக் காகிதப் பொட்டுகளை வைத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் விட்டுவிட்டால் மறுநாள் பதில் தெரியும். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றி எதுவும் முளைக்காமல் வெறும் வளையம் இருக்கும். வேலை செய்யவில்லை என்றால் கிருமி பொட்டின் ஓரம்வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த வேலையில் முதலில் பழகுவது சந்தேகம். தட்டில் ஏதாவது முளைத்தால் நோயாளியைச் சந்தேகிப்பதற்கு முன் பாட்டிலைச் சந்தேகிக்க வேண்டும். பாட்டிலுக்கு முன் பெட்டியின் சூட்டை. அதற்கும் முன் என் கையுறையை. வரிசையாக ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு, கடைசியில் தள்ள முடியாமல் நிற்பதைத்தான் நம்பலாம். இந்தப் பழக்கம் கூடத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு நிற்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் இருமினால்கூட மனதுக்குள் வரிசை போட ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு காலையில் அம்மா தயிர்ச் சட்டியின் மூடியைத் தூக்கி என்னிடம் காட்டினாள். 

"தோ பாரு. ஊத்தனா மாதிரியே நிக்குது."

ஏடு மட்டும் சுருங்கிக் கிடந்தது. அடியில் பால். ஒரு மூலையில் மட்டும் லேசாகக் குழைந்து, பசை போல இருந்தது. வாசனை புளிப்பும் இல்லை, பாலும் இல்லை.

"வெயிலுக்கு இப்படி ஆயிருக்கும்மா," என்றேன்.

"வெயிலுக்கு ஜாஸ்தியா ஒறையும். இன்னா படிச்சியோ நீ." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "கை வௌங்கணும். சில பேருக்கு வௌங்கும். சில பேருக்கு வௌங்காது."

அண்ணி அடுப்படியில்தான் இருந்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நிற்கவில்லை.

அண்ணிக்கு என் வயதுதான் இருக்கும். போளூர்ப் பக்கம் அவள் ஊர். கல்யாணமாகி வரும்போது சீர்த் தட்டுகளோடு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அவள் அம்மா வீட்டு உறைமோரும் வந்தது. அதை ஊற்றித்தான் எங்கள் வீட்டில் அதன்பின் தயிர் வைத்தோம். முதல் மாதங்களில் அம்மாவே அதை மெச்சியிருக்கிறாள். உறை ஊற்றியதும் கரண்டியால் கலக்கக்கூடாது, கையை விட்டுத்தான் கலக்க வேண்டும் என்பதும் அம்மாவின் சட்டம். கைச்சூடு பட்டால்தான் தயிர் பிடிக்குமாம். அண்ணி கொட்டகை வேலை முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, பாலுக்குள் விரல்களை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். தயிர் உறைந்தபோது அந்தக் கை ராசியான கை. உறையாதபோதும் அதே கைதான் கேள்விக்கு உள்ளானது.

தொடர்ந்து தயிர் உறையவில்லை. எதிர் வீட்டுப் பெரியம்மாவிடம் கொஞ்சம் உறைமோர் வாங்கிப் பார்க்கலாம் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"வாங்கினா இன்னா பேசுவாங்கன்னு தெரியாதா பாப்பா? ஒறைக்குக்கூட வழியில்லாம வந்து நிக்கிறாம்பாங்க." டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்தாள். "எங்கம்மா வூட்டு ஒற கெடாது. நான் சரி பண்ணிடுவேன்."

அவள் சரி பண்ணிய விதத்தை அப்போது நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. உறையாத சட்டியை அப்படியே கொட்டமாட்டாள். ஏட்டை விலக்கி, எந்த இடத்தில் கொஞ்சமாவது குழைந்திருக்கிறதோ அந்த இடத்தைத் தேடி, அங்கிருந்து மட்டும் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலுக்கு ஊற்றுவாள். மிச்சம் நாய்க்குப் போகும். மறுநாளும் அப்படியே. எது கொஞ்சம் தேறியதோ அதற்குத்தான் அடுத்த வாய்ப்பு.

அந்த வாரத்திலேயே அம்மா வாசலில் நின்று பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். 

"ஆடிக்கு அனுப்பணுமே. அனுப்பிடுறேன். ஆவணி பொறந்தா ஒடனே கூட்டிக்கினு வரணும்னு இன்னா இருக்குது? அங்கயே கொஞ்ச நாள் இருக்கட்டும். பையனும் ஆட்டோ லோனைப் பாக்கட்டும்."

"அதுவும் சரிதான்," என்றாள் பெரியம்மா. எதற்கும் அவள் அதைத்தான் சொல்வாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி என்னைப் பார்க்காமல் கேட்டாள். "ஆடிக்குப் போனவங்கள யாரு வந்து கூட்டிக்கினு வருவாங்க உங்க ஊர்ல?"

"மாமியார் போவாங்க. இல்ல அண்ணன் வரும்."

"யாரும் வரலைன்னா?"

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி நடந்திருக்கிறது. ஆடிக்குப் போன பெண்ணை அழைக்க யாரும் போகவில்லை. அப்புறம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அப்புறம் அது வேறு கதையாகிவிட்டது. அண்ணிக்கும் அது தெரியும். வெறும் ஒரு சட்டித் தயிர்தானே என்று அதற்குப்பின் என்னால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் வரிசை போட்டேன். பாத்திரத்தில் சோப்பு ஒட்டியிருக்கலாம். நானே வெந்நீரில் கழுவினேன், மாற்றமில்லை. பால் அதிகச் சூட்டில் இருக்கும்போது உறை ஊற்றியிருக்கலாம். விரலை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அடுத்து, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, அம்மா. மருமகள் கைக்குக் கெட்ட பெயர் வர வேண்டுமென்று அம்மாவே சட்டியில் எதையாவது போடுகிறாளா? ஒரு சாயங்காலம் உறை ஊற்றிய சட்டியை யாருக்கும் சொல்லாமல் என் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். விடிந்ததும் பார்த்தேன். பால் பாலாகவே இருந்தது. அம்மா வரிசையிலிருந்து போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

பிறகு உறைமோர். கடையில் பாக்கெட் தயிர் வாங்கி வந்து, வீட்டுப் பாலில் ஒரு டம்ளரும் பாக்கெட் பாலில் ஒரு டம்ளரும் உறை ஊற்றினேன். பாக்கெட் பால் கெட்டியாக உறைந்தது. வீட்டுப் பால் உறையவே இல்லை. ஆகவே தப்பு கையிலும் இல்லை, உறையிலும் இல்லை. பாலில் இருக்கிறது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. முன்பெல்லாம் வீட்டுக்குக் கறுப்பு மாட்டுப் பால்தான் வரும். அது ஏடு கட்டும் என்று அம்மாவுக்குப் பிடிக்கும். இப்போது சில வாரங்களாக அண்ணன் கறுப்பு மாட்டுப் பாலைப் பால் சொசைட்டிக்கு எடுத்துப் போகிறான். சிவப்பு மாட்டுப் பாலை வீட்டுக்கு வைக்கிறான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"எது கைக்கு வருதோ அத எடுத்துனு போறேன். இதுல இன்னா இருக்குது," என்றான். சொல்லிவிட்டு ஆட்டோவைத் துடைக்கப் போனான். ஏற்கெனவே துடைத்த ஆட்டோ அது.

அன்றிலிருந்து அண்ணன்மேல் ஒரு கண் வைத்தேன். அவன் பால் கறக்கப் போனால் நானும் ஏதாவது சாக்கில் கொட்டகைக்குப் போவேன். சிவப்பு மாட்டின் மடியைக் கழுவும்போது அவன் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவான். கறுப்பு மாட்டிடம் அப்படி உட்காருவதில்லை.

கூடத்தில் எங்கள் மேடத்திடம் அனுமதி கேட்டேன். மீந்த தட்டு இருந்தால் போட்டுக்கொள், நோயாளிகள் தட்டோடு கலந்துவிடாதே என்றார். மருந்துப் பொட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்றே எந்த மருந்துக்கும் எளிதில் சாகக்கூடிய ஒரு கிருமியை வைத்திருப்போம். அதைத் தட்டில் பூசினேன். வெறும் காகிதப் பொட்டு ஒன்றைக் காய்ச்சிய சிவப்பு மாட்டுப் பாலில் தோய்த்து ஒரு பக்கம் வைத்தேன். இன்னொன்றைக் கறுப்பு மாட்டுப் பாலில் தோய்த்து மறு பக்கம். மறுநாள் கறுப்பு மாட்டுப் பால் பொட்டைச் சுற்றிக் கிருமி ஒரே சீராக வளர்ந்திருந்தது. சிவப்பு மாட்டுப் பால் பொட்டைச் சுற்றித் தெளிவான வளையம்.

பாலுக்குள் மருந்து இருந்தது. மாட்டுக்கு ஊசி போடுகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து முழுதாகப் போவதில்லை. பாலைத் தயிராக்குவதும் கிருமிதானே. ஊற்றிய உறையிலுள்ள நல்ல கிருமிகளை அந்த மருந்து வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. 

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். அண்ணன் மறைத்து ஊசி போடுகிறான். தன் மனைவிமேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். அம்மா முன்னால் கேட்க வேண்டும். வாசல் படியேறும்போதே ஆரம்பித்துவிட வேண்டும்.

வாசலில் அண்ணி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, ஒறைஞ்சிடுச்சு."

சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். தயிர் நகரவில்லை. கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. அம்மா ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "ம்," என்றாள். அதற்குமேல் பாராட்டு எங்கள் வீட்டில் கிடையாது. "கை திருந்திடுச்சு. பௌர்ணமி மோருக்கு இதையே வெச்சுக்கலாம். செவப்பு மாட்டுப் பாலுக்கு முழுக்க இந்த ஒறையவே ஊத்து."

அண்ணி அதற்குள் பெரியம்மா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் உறை கொடுத்திருந்தாள். கேட்டு வாங்க மாட்டேன் என்றவள் கொடுக்க மட்டும் ஓடியிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் பஸ்ஸில் அடுக்கிய வரிசை கலைந்துவிட்டது. 

ஊசியை நிறுத்தியிருப்பான், அதனால் உறைந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியிருந்தால் எல்லாம் தானாகவே முடிந்தது. ஆனால் சமாதானத்தைச் சோதிக்காமல் விடுவது எனக்கு வராது. மறுநாள் காலை சாணக்கூடையைத் தூக்கும் சாக்கில் கொட்டகை முழுக்கத் துழாவினேன். கூரைக் கீற்றுக்குள் ஒரு மருந்துக் குப்பி செருகியிருந்தது. அதன் ரப்பர் மூடியில் ஈரம் காயவில்லை. அட்டையில் டெட்ராசைக்ளின் வகை மருந்தின் பெயர்.

அன்று கூடத்துக்கு மூன்று சின்னப் பாட்டில்களைக் கொண்டுபோனேன். சிவப்பு மாட்டுப் பால், எங்கள் வீட்டுத் தயிர், கடைத் தயிர். பாலில் இன்னும் மருந்து இருக்கிறதா என்று ஒரு தட்டு. தயிர்க் கிருமிகளைப் பூசி நடுவில் அதே வகை மருந்துப் பொட்டை வைத்து இரண்டு தட்டுகள். தயிர்க் கிருமிக்குக் காற்று கம்மியாக இருக்க வேண்டும். ஒரு ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, தட்டுகளை வைத்து இறுக்கி மூடினேன்.

பால் தட்டில் வளையம் இருந்தது. மருந்து நிற்கவில்லை. கடைத் தயிர்த் தட்டில் பொட்டைச் சுற்றி அகலமான வளையம். எங்கள் வீட்டுத் தயிர்த் தட்டில் வளையமே இல்லை. பொட்டை ஒட்டி, அதன் அடியில்கூட நுழையப் பார்ப்பது போல, வெள்ளைப் புள்ளிகள் நெருக்கமாக வளர்ந்திருந்தன. இப்படிப்பட்ட தட்டுகளை வாரத்தில் பலமுறை பார்ப்பவள் நான். எல்லாம் ஊர் பேர் தெரியாதவர்களின் தட்டுகள். இது நான் சாதத்தில் பிசைந்து சாப்பிடுவது. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபடி ஒருமுறை போட்டேன். அதே பதில்.

மருந்து கிருமிக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. கற்றுக்கொடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு கரண்டி உறைமோரில் எண்ண முடியாத அளவு கிருமிகள் இருக்கின்றன. அவை பெருகும்போது உள்ளே மரபணுவில் எழுதியிருப்பது சில சமயம் பிசகும், ஏதோ ஒன்றிரண்டில் அந்தப் பிசகு கைகொடுக்கும். சில சமயம் பக்கத்திலிருக்கும் வேறு கிருமியிடமிருந்து ஒரு மரபணுத் துண்டு கைமாறி வரும். அந்தத் துண்டு இருப்பவை உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும். அல்லது மருந்து உட்காரப் பார்க்கும் இடத்தைக் காவல் காக்கும். மருந்து இல்லாதபோது இவற்றுக்கு ஒரு சிறப்பும் கிடையாது, கூட்டத்தில் ஒன்றாக இருக்கும். மருந்து வந்து மற்றவற்றை அடக்கிவிட்டால் சட்டி முழுக்க இவற்றுக்குத்தான். 

அதற்கு ஒரு உதவியும் கிடைத்தது. கொஞ்சம் தேறிய இடத்தைத் தேடி எடுத்து, அதை மட்டும் அடுத்த மருந்துப் பாலுக்கு ஊற்றி, அதிலும் தேறியதை எடுத்து அதற்கடுத்ததற்கு ஊற்றி. மருந்துக்கு அடங்காத கிருமி வேண்டுமென்று யாராவது கேட்டால் நாங்களும் கூடத்தில் இதையேதான் செய்வோம். அண்ணி தன் அம்மா வீட்டு உறையைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தாள்.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் தெரியாது. மாட்டின் மடியிலிருந்து கை வழியாகச் சட்டிக்கு வந்திருக்கலாம். போளூரிலிருந்தே டப்பாவில் வந்திருக்கலாம். மரபணுவைப் பார்க்கும் கருவி எங்கள் கூடத்தில் இல்லை. சந்தேகம் மட்டும் இருக்கிறது.

அண்ணியிடம்தான் முதலில் சொன்னேன். கொட்டகையில், அவள் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது. குப்பியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் கை மேல தப்பு இல்ல."

"இல்ல அண்ணி. எப்பவுமே இல்ல."

"இப்ப ஒறையுதே, அதுதான் தப்புன்ற."

"ஆமா."

"அதச் சாப்ட்டா இன்னா ஆவும்?"

"இந்தக் கிருமி நம்மள ஒண்ணும் பண்ணாது. ஆனா வயித்துக்குள்ள போயி, அங்க இருக்கிற கெட்ட கிருமிக்கு அந்தத் துண்டக் குடுத்துச்சுன்னா, அப்புறம் நமக்கு நோவு வரப்ப மருந்து வேல செய்யாது. குடுக்கும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். குடுக்கலாம்."

"பௌர்ணமி அன்னிக்கு எத்தினி பேர் குடிப்பாங்க நம்ம மோர." 

அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். மாட்டின் மடியைக் குனிந்து பார்த்தாள். ஒரு காம்புப் பக்கம் இன்னும் தடித்துச் சிவந்திருந்தது. 

"இத அவருதான் போடுறாரா?"

நான் தலையாட்டினேன்.

"நான் பேச்சு வாங்கினப்பலாம் அவரு பக்கத்துலதான் உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்தாரு," என்றாள்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் அண்ணி தயிர்ச் சட்டியை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள். தயிர் திரிந்து தண்ணீரும் கட்டியுமாகக் கொதித்தது. நாற்றம் கேட்டு அம்மா வந்தாள்.

"அடிப்பாவி, நல்ல தயிர இன்னாடி பண்ற?"

"அவரக் கேளுங்க அத்த."

நான் குப்பியைத் தரையில் வைத்தேன். அண்ணன் அதைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான். அவன் மறுப்பான் என்று எதிர்பார்த்து நான் தட்டுகளின் போட்டோக்களை போனில் எடுத்து வைத்திருந்தேன். அதற்கு வேலை வரவில்லை.

"மடி வீங்கிச்சு," என்றான். "மருந்துக் கடையில கேட்டு வாங்கினேன். நாலு நாள் போட்டா கம்மியாவுது, உட்டா திரும்ப வருது."

"கம்மியானதும் நிறுத்திட்டியா?" என்று கேட்டேன்.

"கம்மியானப்பறம் எதுக்குப் போடணும்?"

"அந்தப் பால ஏன் வீட்டுக்கு வெச்ச?"

"மருந்து போட்ட பால விக்கக் கூடாதுன்னு கடக்காரரு சொன்னாரு. ஊரு ஜனம் குடிக்கிற பாலு, அதுல போயி நான் கலப்பனா? அதான் கறுப்பு மாட்டுத சொசைட்டிக்கு ஊத்துனேன்." கொஞ்சம் ரோஷமாகவே சொன்னான். "வூட்ல குடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

அம்மா கேட்டாள், "மாட்டுக்கு நோவுன்னு எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

அவன் அண்ணியைப் பார்க்காமல் பதில் சொன்னான். "சொன்னா நீ இன்னா சொல்லியிருப்ப? இவ வந்தா, மாடு படுத்துக்கிச்சுன்னு சொல்லியிருப்ப. அதுக்குத்தான் மறச்சேன். தயிருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்."

சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவனை நான் சந்தேகித்தது சரி, ஆனால் காரணத்தில் தவறிவிட்டேன். ஊசியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. சொல்லியிருந்தால் அம்மா அவன் சொன்னதைத்தான் சொல்லியிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா மறுக்கவும் இல்லை. "அந்த மருந்துக் கடக்காரனச் சொல்லணும்," என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டியை இறக்கி, கொதித்ததைக் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டச் சொன்னாள். மறுநாள் கால்நடை டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் மருந்தை மாற்றினார். எத்தனை நாள் போட வேண்டும், பாலை எதுவரை வீட்டுக்கும் எடுக்கக்கூடாது என்று அண்ணனிடம் இரண்டு முறை சொன்னார்.

மீதி இருந்தது பெரியம்மா வீடு. நானும் அண்ணியும் போனோம். பெரியம்மா சட்டியை எடுத்து வந்து பெருமையாகக் காட்டினாள். அதே கெட்டித் தயிர்.

"பெரியம்மா, இத கொட்டிடணும்," என்று ஆரம்பித்தேன். மாட்டுக்குப் போட்ட மருந்து, அதற்கு அடங்காத கிருமி, மரபணு. எளிமையாகத்தான் சொன்னேன். 

பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மருந்துக்கே அடங்காதுன்னா நல்ல பலமான தயிராத்தானே இருக்கும். எம் மாட்டுக்கா ஊசி போட்டாங்க? எம் பாலு சுத்தமான பாலு. குடுத்த ஒறைய யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? உங்கம்மா அனுப்பிச்சாளா?"

"இல்ல பெரியம்மா, அம்மாவுக்கும் இதுக்கும்..."

"கேட்டா இன்னொரு கிண்ணம் குடுத்துட்டுப் போறேன். கொட்டச் சொல்றது நல்லால்ல."

நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் கை சரியில்ல பெரியம்மா," என்றாள். "கலக்குன கை என்னுது. எங்க வூட்ல இன்னா நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். வெச்சுக்காதீங்க."

பெரியம்மாவின் சிரிப்பு போய்விட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் கண்முன்னால் அடுப்பில் வைத்தாள், பிறகு முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். சட்டியையும் கவிழ்த்துப் போட்டாள். திரும்பி வந்தவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எம் பொண்ணு நேத்து வந்தப்ப ஒரு டம்ளர் எடுத்துனு போச்சு. செங்கத்துல இருக்கா. போன் பண்ணிச் சொல்லிடுறேன். அவளும் நாலு பேருக்குக் குடுத்திருப்பா."

திரும்பும்போது எங்கள் வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். தெரு அவ்வளவு அகலமில்லை. அண்ணி சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். எங்களுக்கு வழிவிட்டாள். 

"ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?" என்று உள்ளே வந்ததும் கேட்டேன்.

"நீ சொன்னது உண்ம. அவங்க கேட்டாங்களா?" என்றாள். "இத ஒடனே கேட்டாங்க பாரு."

அந்தப் பௌர்ணமிக்கு நாங்கள் மேசை போடவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் சிலர் எங்கே மோர் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். மருமகளைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் மௌனத்தை நான் முதலில் நம்பவில்லை. ஆடிக்காகச் சேர்த்து வைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆடி பிறப்பதற்கு முன் அண்ணியின் அம்மாவும் தம்பியும் அழைத்துப் போக வந்தார்கள். சாப்பாடு முடிந்து, பையெல்லாம் ஆட்டோவில் ஏறியது. அண்ணன் வண்டியைக் கிளப்பக் காத்திருந்தான். எதிர் வீட்டில் பெரியம்மா வாசல் தெளிக்கும் சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் வரை தெளித்துக்கொண்டிருப்பாள் போலிருந்தது.

அம்மா உள்ளே போய் அந்தச் சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து, ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அண்ணியின் மடியில் வைத்தாள். அது காலியாக இருந்தது. கொதிக்கவைத்துக் கழுவியிருந்தாள். என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

"ஆவணி பொறந்ததும் நானே வந்து கூட்டிக்கினு வரேன்," என்றாள், தெருவுக்கே கேட்கும் குரலில். "வரும்போது உங்கம்மா வூட்டு ஒறைய எடுத்து வை. கடையில வாங்கினது நல்லாவே இல்ல. நீயே வந்து ஊத்து. ஊசி போட்டது எம் புள்ள, பேச்சு வாங்கினது நீ."

பெரியம்மா கையிலிருந்த சொம்பு நின்றது. அண்ணி டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கொண்டாந்தா இதையும் தட்டுல போட்டுப் பாப்பியா பாப்பா?"

"பாப்பேன் அண்ணி."

"பாரு. பாத்துட்டே ஊத்தலாம்," என்றாள்.

ஆட்டோ டவுன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிச் செங்கம் ரோட்டுப் பக்கம் திரும்பியது. அந்த ரோட்டில் டவுனுக்கு எதிர்ப் பக்கம் போனால் செங்கம். அங்கே பெரியம்மாவின் மகள் வீட்டிலும், அவள் கொடுத்த நாலு வீடுகளிலும் தயிர் உறைந்துகொண்டிருக்கும். பெரியம்மா போன் பண்ணினாளா என்று இன்னும் நான் கேட்கவில்லை. பண்ணினேன் என்றுதான் சொல்வாள்.